அஞ்சலைக்கு ஒரு செங்கல்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்தத் தடவை அதை விட்டுவிடுகிறேன். எனக்குக் கால் வீக்கம் வடியவில்லை. உன் அப்பாவுக்குக் காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. உன் வீட்டில் அஞ்சலை சுருண்டு கிடக்கிறாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். இதில் யார் நலம் என்று நான் எழுதட்டும்?

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள், 'அம்மா, நீங்கள் புறப்பட்டு வந்து இவளைக் காஜாங்கில் தாய்வீட்டில் விட்டுவிட வேண்டும்' என்கிறாய். மாதாமாதம் அவளுக்கு 'ஒரு மாதிரியான வியாதி' வருகிறதாம். சோறு தண்ணீர் தங்காமல் வாந்தி எடுக்கிறாளாம். போன மாதம் பின்படியிலேயே மயங்கி விழுந்து, கீழ்க்கடைச் சீனன் ஓடிவந்து பார்த்து, உனக்கு மானம் போய்விட்டதாம். கிள்ளானில் ஒரு டாக்டரிடம் விசாரித்தால் அவர் கேட்கிற தொகை உன் குறைத்த சம்பளத்துக்குக் கட்டாதாம். பெண்வீட்டார் நோயை மறைத்து உன் தலையில் கட்டிவிட்டார்களாம். எல்லாம் எழுதினாய், என்ன வியாதி என்று மட்டும் எழுதவில்லை. துறைமுகத்தில் கப்பல் கப்பலாக இறங்கும் சரக்கையெல்லாம் பெயர் சொல்லிக் கணக்கெழுதுகிற கிராணி நீ. இந்த ஒன்றுக்கு மட்டும் உன் பேனா எழும்பவில்லை.

சரி, நான் எழுதுகிறேன். அவளுக்குத் தூரம். வீட்டுக்கு விலக்கு. பெண்ணாகப் பிறந்த எல்லோருக்கும் வருவது. சிலருக்கு வந்த சுவடு தெரியாமல் போய்விடும். சிலருக்கு உயிரைப் பிடுங்கிக்கொண்டுதான் போகும். எனக்கும் அப்படித்தான் வந்தது, அந்த வயிற்றிலிருந்துதான் நீயும் வந்தாய். ஒரு தாய் மகனுக்கு எழுதுகிற விஷயமா இது என்று நீ முகம் சுளிப்பாய். நன்றாகச் சுளித்துக்கொள். எனக்கு அது நின்று வருஷங்கள் ஆகின்றன, அதோடு வெட்கமும் நின்றுவிட்டது. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைக்காதே. உன்னோடு வேலை செய்கிற கிராணிமார்களுக்கு வாசித்துக் காட்டு. அவர்கள் வீட்டிலும் ஒருத்தி பின்கட்டில் சுருண்டுதான் கிடப்பாள். அவர்களும் அதற்கு ஒரு மாதிரியான வியாதி என்றுதான் பெயர் வைத்திருப்பார்கள்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது, தம்பி. ரப்பர் விலை விழுந்தது என்று தோட்டத்து ஜனங்களை மூட்டை முடிச்சோடு கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் நாள் இது. உன் துறைமுகத்திலேயே நீ பார்க்கிறாய். அழுகிற பிள்ளைகளையும் பார்க்கிறாய். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, நீயும் ஒருத்தியை ரயிலேற்றி அனுப்பப் பார்க்கிறாயே. வேண்டாத ஆளைத் திருப்பி அனுப்புகிற புத்தி காற்றோடு வருமோ என்னவோ. உன்னை ஏசத்தான் உட்கார்ந்தேன். ஏசுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

கிள்ளானுக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து நான் பிரிக்பீல்ட்ஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, இங்கே செங்கல் சூளைகள் ஒன்றிரண்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தன. தெருவில் இறங்கினால் உடைந்த செங்கல் காலில் இடறும். பலகை வீடுகள் ஒட்டி ஒட்டி ஒரே வரிசை, வரிசைக்கெல்லாம் ஒரே குழாய். உன் அப்பாவுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரையின் இரும்புப் பட்டறையில் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மாமியார் மாமனார் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். இருந்தும் வழக்கம் மட்டும் கூடவே கப்பலேறி வந்துவிட்டது. மூன்று நாளும் வீட்டுக்குள் வரக்கூடாது. பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் விறகுக்கும் நடுவில், சிமெண்டுத் தரையில் ஒரு சாக்கை விரித்து உட்கார வேண்டும். மழைக்காலத்தில் அந்தத் தரை எப்படி ஜில்லிட்டுக் கிடக்கும் தெரியுமா? சாக்கைப் பார்த்தாலே வரிசையில் எல்லோருக்கும் சேதி தெரிந்துவிடும். இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் முறுக்கிப் பிழிகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேதான் கிடப்பேன். இன்று அஞ்சலையைப் பின்படியில் உட்கார வைத்திருக்கிறாயே, அதே இடம்தான். மாடி வீடாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் மாதம் உன் அப்பா மிரண்டுவிட்டார். "ஏ புள்ள, என்ன பண்ணுது?" என்று வாசற்படிக்கு உள்ளேயே நின்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? "வயித்த வலிக்குது" என்றேன். எங்கள் லயத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். "இரு, இன்னிக்கு டிரஸ்ஸர் வர்ற நாள். நான் மருந்து வாங்கியாறேன்" என்று ஓடினார். பட்டறையில் வேலைக்காரர்களைப் பார்க்க டிரஸ்ஸர் ஒருவர் பெட்டியோடு வருவார். மருந்து இனாம், ஆனால் வேலைக்காரனுக்கு மட்டும்தான். வேலைக்காரன் பெண்டாட்டிக்கு நோய் வந்தால் அது துரையின் கணக்கில் சேராது. வெளி டாக்டரிடம் போக நம்மிடம் என்ன இருந்தது? அதனால் உன் அப்பா ஒரு யுக்தி செய்தார். தனக்கே வலி என்று சொல்லிவிட்டார்.

டிரஸ்ஸர் லேசுப்பட்ட ஆளில்லை. "எங்கடா வலி?" என்று வயிற்றை அமுக்கிப் பார்த்தாராம். இவர் குத்துமதிப்பாக ஓர் இடத்தைக் காட்டியிருக்கிறார். "வாயத் தொற" என்று விளக்கெண்ணெயை ஒரு குவளை நிறைய ஊற்றினாராம். "இல்லைங்கையா, வீட்ல போய்க் குடிச்சிக்கிறேன்" என்று இவர் கெஞ்ச, "வெளிய போய்த் துப்புற பயலுங்கள எனக்குத் தெரியும். என் கண்ணு முன்னால முழுங்கு" என்றுவிட்டாராம். முழுங்கிவிட்டு வந்தார். அன்று நான் விறகோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன், அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வரிசைக் கக்கூசுக்கும் வீட்டுக்கும் ஓடுகிறார். பின்னால் மலாய்க்காரர்கள் குடியிருந்த கம்பத்தில் ரொக்கியா என்று என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள், மாட்டுவண்டிக்காரர் ஒருவரின் பெண்டாட்டி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன விஷயம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "பினி சாக்கிட், லாக்கி மினும் ஓபாட்!" என்றாள். பெண்டாட்டிக்கு நோவு, புருஷன் மருந்து குடிக்கிறான் என்று அர்த்தம். வலியோடு வலியாக எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உன் அப்பாவுக்கு மட்டும் வரவில்லை.

அதோடு விட்டாரா? அடுத்த மாதமும் போனார். எண்ணெய் குமட்டுகிறது, பொடியாகக் கொடுங்கள் என்று கேட்டு, டிரஸ்ஸர் கொடுத்த பொடியை மடித்து மடியில் கட்டிக்கொண்டு வந்து பெருமையாக என்னிடம் நீட்டினார். பேதி உப்பு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குடித்தேன். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சின கதையாகிவிட்டது. சரியான மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கேட்கும் என்று நினைத்து, வாங்கிவந்த போதெல்லாம் குடித்தேன். வேலைக்குப் போகிற புருஷன் தன் மானத்தை விட்டு எனக்காக வாங்கி வருகிறான், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது குணப்படுத்தவில்லை என்று சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை. இப்படி இரண்டு முட்டாள்கள் ஒருவரையொருவர் நோகடிக்காமல் இருக்கப் பார்த்து மாதக்கணக்கில் உப்பைக் கரைத்துக்கொண்டிருந்தோம்.

பட்டறையில் இதற்குள் அவர் பெயர் கெட்டுவிட்டது. மாதம் தவறாமல் வயிற்று வலி வருகிற ஆம்பிளையை விட்டுவைப்பார்களா? "என்னண்ணே, இந்த மாசம் இன்னும் வரலியா? முழுகாம இருக்கியா?" என்று உலைக்களத்தில் நிற்கிறவன் எல்லாம் கேலி பேசியிருக்கிறான். கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வருஷம் உலைக்கு ஒரு மேஸ்திரி வைக்க வேண்டியிருந்தது. வேலை தெரிந்தவர் உன் அப்பாதான். சீக்காளியை உலைக்கு வைக்க முடியாது என்று துரை சொல்லி, உன் அப்பாவிடம் தொழில் கற்ற ஒருவனுக்கு அதைக் கொடுத்துவிட்டார். உன் அப்பா அதை வீட்டில் மூச்சுவிடவில்லை. மேஸ்திரியானவனின் பெண்டாட்டி குழாயடியில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். "அந்த டிரஸ்ஸர்கிட்ட எம் பொண்டாட்டிக்குத் தூரம்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு அழுகிப் போயிருமா?" என்று கத்தினேன். "எப்படிச் சொல்றது புள்ள? ஆம்பளைங்க நிக்கிற எடம்" என்றார். "அப்ப நான் செத்துப் போனா, என்னத்துல செத்தான்னு சொல்லுவீங்க?" என்று கேட்டேன். வேலையை விடும் நாள் வரைக்கும் அந்த மேஸ்திரிக்குக் கீழேதான் வேலை செய்தார்.

ரொக்கியாதான் ஒரு நாள் வேலியைத் தாண்டி வந்து என் சாக்கில் என்னோடு உட்கார்ந்தாள். தீட்டு, தொடக்கூடாது என்றேன். போடி என்று கையை வீசினாள். அவர்களிடம் துங்கு என்று ஒரு வைத்தியம் உண்டு. பிள்ளை பெற்றவள் வயிற்றில் சூடான கல்லைத் துணியில் சுற்றி வைப்பார்கள். நல்ல கல்லுக்கு ஆற்றுக்குப் போக வேண்டும் என்றாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, காலடியில் கிடந்த செங்கல் துண்டை எடுத்து, இது போதும் லா என்று அடுப்பில் போட்டுவிட்டாள். சூடேறியதும் இடுக்கியால் எடுத்து, இலையில் சுற்றி, பழைய கைலியில் சுற்றி என் அடிவயிற்றில் வைத்தாள். தம்பி, வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முறுக்கினது கொஞ்சம் விட்டது. கண்ணை மூட முடிந்தது. உன் அப்பா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை நான் சொல்லாமலே அடுப்பில் செங்கல் கிடந்தது. பட்டறைக் கை, சூடு தாங்கும். அன்றைக்கே பட்டறையிலிருந்து கழிவுப் பலகை இரண்டு தூக்கிவந்து சிமெண்டுத் தரையில் போட்டார். கொஞ்ச நாளில் பலகை வீட்டுக்குள் வந்துவிட்டது, அதன்மேல் நானும் வந்துவிட்டேன். வரிசையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டோம்.

இனி நீ செய்ய வேண்டியது. அவளைப் பின்படியிலிருந்து உள்ளே கூப்பிட்டுக்கொள். சாமி படத்துக்குப் பக்கத்தில் போகவேண்டாம் என்று அவள் நினைத்தால் அது அவள் இஷ்டம். ஆனால் ஜில்லென்ற தரையில் கிடக்க வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டால் என்னிடம் வரச் சொல், நான் பேசிக்கொள்கிறேன். அந்த நாள் வருகிறது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும், இடுப்புக் கடுக்கத் தொடங்கும்போதே செங்கல்லைச் சுட வை. வலி முற்றிய பிறகு வைத்தால் அவ்வளவாகக் கேட்காது. இஞ்சியைத் தட்டிப் போட்டு, கருப்பட்டியோ குலா மெலாக்கா வெல்லமோ சேர்த்துக் கொதிக்க வைத்து, சூடாகக் குடிக்கக் கொடு. பாசாரில் இஞ்சிக்குப் பஞ்சமில்லை. அவள் பட்டினி கிடக்கக் கூடாது, கஞ்சியாவது உள்ளே போக வேண்டும். மற்ற நாட்களில் உளுந்தங்களியில் நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிடச் சொல், முருங்கைக்கீரை சாப்பிடச் சொல். அந்த நாட்களில் காக்கா சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அவள் எங்கே சாப்பிடுகிறாள் என்று யோசித்தாயா? சோறு பொங்குவது பெரிய வித்தையில்லை. உன் அப்பா பொங்கிய சோறு பசை மாதிரிதான் இருக்கும். அதைத்தான் நான் தின்றேன், நீயும் தின்றுதான் வளர்ந்தாய்.

இன்னொன்று. உன் பழைய வேட்டிகளை அவளிடம் கொடுத்துவிடு, எதற்கு என்று கேட்காதே. துவைத்த துணியை அவள் எங்கே உலர்த்துகிறாள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் செய்தேன். யார் கண்ணிலும் படாமல், ஈரச் சேலைக்கு அடியில், வெயில் எட்டாத மூலையில் உலர்த்துவாள். அரைகுறை ஈரத்தோடு கட்டி எனக்குப் புண்ணாகிவிட்டது. அதற்கும் வெளியே சொல்லாமல் மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு கிடந்தேன். வெயில் விழுகிற இடமாகப் பார்த்து ஒரு கொடி கட்டிக் கொடு. சீனன் பார்த்தால் பார்க்கட்டும், அவன் வீட்டிலும் பெண்கள் உண்டு. வலி தெரியாமல் இருக்கக் கொஞ்சம் சம்சுச் சாராயம் கொடு என்பான் ஒருவன், அபின் உருண்டை கொடு என்பான் இன்னொருவன், செய்வினை என்று தாயத்து விற்க ஒருவன் வருவான். எவனையும் படியேற விடாதே. பிள்ளை பெற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெண்களே சொல்வார்கள். எனக்கு நீ பிறந்த பிறகு கொஞ்ச காலம் குறைந்தது உண்மைதான். பிறகு முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது.

அந்தத் திரும்பி வந்த காலத்தைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். செங்கல்லுக்கும் இஞ்சிக்கும் அடங்கவில்லை. ரத்தம் நிற்காமல் போனது. எழுந்தால் கண் இருட்டியது. உன்னை இடுப்பில் தூக்க முடியாமல் தரையில் விட்டு நகர்த்திக்கொண்டு போவேன். ஏழைகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பொது வார்டு உண்டு, அங்கே பெண்களைப் பார்க்க லேடி டாக்டர் ஒருத்தி வருகிறாள், காசு கேட்பதில்லை என்று ரொக்கியா எங்கோ கேட்டுவந்து சொன்னாள். போனோம். முன்னால் மேசை போட்டு ஒரு தமிழ்க் கிராணி உட்கார்ந்திருந்தார். என்ன வியாதி என்று கேட்டார். கூடம் நிறைய ஆம்பிளைகள். உன் அப்பா, "வயிறுங்க" என்றார். எங்களை ஒரு வரிசையில் நிற்க வைத்தார்கள். வெயில் ஏறும் வரை நின்றேன். கடைசியில் ஒரு ஜன்னல் வழியாக நீட்டினார்கள் பார், எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. அதே விளக்கெண்ணெய்.

அடுத்த வாரம் மறுபடியும் போனோம். அதே கிராணி, அதே கேள்வி. உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனுஷன் சொல்ல மாட்டார், நானே சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார். பட்டறையில் சம்மட்டிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகின குரல், மெதுவாகப் பேச வராது. "எம் பொண்டாட்டிக்குங்க. தூரம் வர்றப்ப உசிரு போற வலி. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. பொம்பள டாக்டர்கிட்ட எழுதுங்க" என்றார். கூடமே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. கிராணி என்ன செய்தார் தெரியுமா? தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எழுதிக்கொண்டே, "அதுக்கு அந்தப் பக்கம் போவணும். மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார். அவ்வளவுதான். எத்தனை மாதம் வலி, எத்தனை குவளை எண்ணெய், கைவிட்டுப் போன மேஸ்திரி வேலை, எல்லாம் இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான். நாங்கள் அந்தப் பக்கம் நடக்கும்போது, சுவரோரம் ஒருத்தியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் உன் அப்பாவின் தோளைத் தொட்டு, "அண்ணே, எந்தப் பக்கம்னு சொன்னாங்க?" என்று மெல்லக் கேட்டார்.

லேடி டாக்டர் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, உன் உடம்பில் ரத்தமே இல்லையே என்று நர்ஸிடம் சொல்லி என்னைத் திட்ட வைத்தாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். இரும்புச்சத்து மருந்து ஒன்று தந்தாள். நாக்கெல்லாம் கறுக்கும், விடாமல் குடி என்றாள். வலிக்கு மாத்திரை தந்தாள், வெறும் வயிற்றில் போடக்கூடாது என்றாள். செங்கல்லைப் பற்றிச் சொன்னேன். நல்லது, தோல் வெந்துபோகாமல் பார்த்துக்கொள் என்றாள். முழுக்கக் குணமானேன் என்று சொல்ல மாட்டேன், நிற்கிற வயது வரும் வரைக்கும் என்னோடு இருந்துவிட்டுத்தான் போனது. ஆனால் எழுந்து நடமாடினேன், உன்னை இடுப்பில் தூக்கினேன். அஞ்சலைக்கு மயக்கம் வந்திருக்கிறது என்கிறாய். செங்கல் போதும் என்று நீ வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்காதே. துணி மாற்றி மாளாத அளவுக்கு ரத்தம் போனாலும், அந்த நாள் இல்லாத நாளிலும் வலித்தாலும், காய்ச்சல் கண்டாலும் ஒரு நாளும் தள்ளாதே. கிள்ளானிலும் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே லேடி டாக்டர் இல்லையென்றால் இங்கே கூட்டிக்கொண்டு வா. மேசையில் கேட்கும்போது வயிறு என்று சொல்லாதே. உள்ளதைச் சொல், சத்தமாகச் சொல்.

இனி, மறைத்துக் கட்டிவிட்டார்கள் என்று எழுதினாயே, அந்த விஷயம். அதைப் படித்தபோதுதான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். பரிசம் போடக் காஜாங்குக்குப் போனோமே, நீங்கள் எல்லோரும் முன்னால் வெற்றிலை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது, சம்பந்தியம்மா என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். முந்தானையை முறுக்கிக்கொண்டே பேசினாள். "ஒண்ணு சொல்லணும் சம்பந்தி. எம் பொண்ணுக்கு அந்த நாள்ல ரொம்ப முடியாமப் போயிரும். சுருண்டு விழுந்துருவா. பின்னால தெரிஞ்சு யாரும் அவள ஏசக் கூடாது. வேணாம்னா இப்பவே வேணாம்னு சொல்லிருங்க, நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்" என்றாள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் ஒரு தாய் இப்படிச் சொல்ல எவ்வளவு பயந்திருப்பாள் என்று எண்ணிப் பார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மவன் அவங்கப்பனுக்குப் பொறந்தவன். பாத்துக்குவான்" என்றேன். அவள் அழுதுவிட்டாள். யாரும் எதையும் மறைக்கவில்லை, தம்பி. சொன்னார்கள், வாக்குக் கொடுத்தவள் நான். உன்னிடம் தனியாக இதைச் சொல்லிவைக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நம் வீட்டில் அடுப்பில் செங்கல் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன்தானே என்று நினைத்துவிட்டேன். அது எதற்கு என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

உன் கடிதத்தை உன் அப்பாவின் காதருகே கத்திப் படித்தேன். வரிசையில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். அவர் எழுந்து பின்பக்கம் போனார். நல்ல வெந்த செங்கல்லாகத் தட்டித் தட்டிப் பார்த்து ஒன்றை எடுத்தார். பாதியாக உடைத்து, கையைக் கிழிக்காதபடி முனைகளைச் சம்மட்டியால் தட்டி மழுக்கி, சிமெண்டில் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து, தன் பழைய கைலியைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். கடிதத்தோடு வருகிற பொட்டலத்தில் இருப்பது அதுதான். பலகாரம் என்று நினைத்துச் சீனன் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுவிடாதே. "ரெண்டு சுத்துச் சுத்தணும்னு எழுது. மொதல்ல அவன் தன் வயித்துல வச்சுப் பாக்கணும். பொறுக்க முடிஞ்சாத்தான் அவளுக்கு வைக்கணும்" என்றார். நான் சாக்கில் கிடந்த காலத்திலிருந்து அவர் அப்படித்தான் செய்தார் என்பது அதைக் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

என் கால் இருக்கும் இருப்பில் நான் காஜாங்குக்கு எவளையும் கூட்டிப்போகப் போவதில்லை. இதையெல்லாம் படித்த பிறகும் உன்னால் முடியாது என்று தோன்றினால், அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பாதே, இங்கே ரயிலேற்றி விடு. செங்கல்லை நீயே வைத்துக்கொள். பிரிக்பீல்ட்ஸில் செங்கல்லுக்கா பஞ்சம்? சுட வைக்க உன் அப்பா இருக்கிறார்.

அம்மா